டெல்லி அப்பளக் கடைக்கு முன்னால்

என்னைப் பெண் பார்த்தது தீவுத்திடல் பொருட்காட்சியில். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொள்ளட்டும். அதற்கு முன் இரண்டு முறை காசிமேட்டில் எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்று எழுந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஊர் திருவொற்றியூர். ஷேர் ஆட்டோவில் சில்லறை எடுப்பதற்குள் வந்துவிடும். பதில்தான் வரவே இல்லை. மறுநாள் தெருவில் ஆளாளுக்கு "இன்னா ஆச்சு?" என்று கேட்டு என் உயிரை வாங்கினார்கள்.

அதனால் மூன்றாவது முறை அம்மா உஷாராகிவிட்டாள். இரண்டு குடும்பமும் பொருட்காட்சிக்கு வரும். தற்செயலாகப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொள்ளும். பிடித்தால் சரி, இல்லையென்றால் ஆளுக்கொரு மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு அவரவர் வழியில் போகலாம். தெருவுக்கு ஒன்றும் தெரியாது. சம்பந்தத்தைக் கொண்டுவந்த சித்தி இடத்தையும் சொல்லிவிட்டாள்: டெல்லி அப்பளக் கடைக்கு முன்னால், சாயங்காலம்.

மாப்பிள்ளை எண்ணூர்க்காரர். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் ஃபிட்டர். அன்று அவருக்கு நைட் ஷிப்ட், இருட்டியதும் கிளம்பிவிடுவார். மறுநாள் பழவேற்காட்டில் வேறொரு பெண்ணைப் பார்க்க அவருடைய அம்மா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள். எனக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். போட்டோவில் ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் ஏறியிருந்தது, அதை மறைக்கப் பார்த்துத் தோற்றுப்போன ஒரு சிரிப்பு. சொல்வதற்கென்ன வெட்கம், எனக்குப் பிடித்துவிட்டது.

ஒரே பயம் நைனாவால்தான். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவர் அவர். அவர் கூவினால் கடலில் போகிற படகு திரும்பிப் பார்க்கும். சின்ன வயதில் அவருடன் போய் நின்றிருக்கிறேன். ஒரு தரம், ரெண்டு தரம் என்று தொண்டை கிழியக் கத்துவார். மூன்றாவது தரத்துக்கு முன் மட்டும் சட்டென்று நிறுத்திவிட்டு, படகு ஓனர் முகத்தைப் பார்ப்பார். ஓனர் தலையாட்டினால்தான் மூணு தரம். எவ்வளவு பெரிய வியாபாரி நின்றாலும் அவரிடம் இதில் மாற்றம் கிடையாது.

"யோவ், இன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காத. நாலு பேருக்குத் தெரியக் கூடாது" என்றாள் அம்மா.

"நான் எங்கடி பேசுறேன்?" என்றார் நைனா. எதிர்வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, பொருட்காட்சியில் பத்தடிக்கு ஒரு டெல்லி அப்பளக் கடை. சித்தியிடம்தான் அவர்கள் நம்பர். சித்தி ஏதோ கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் போனை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு கடை முன்னாலும் போய் நின்றோம். சும்மா நின்றால் கடைக்காரன் என்ன நினைப்பான் என்று அம்மா ஒவ்வொரு கடையிலும் ஓர் அப்பளம் வாங்கினாள். ஒவ்வொன்றும் முறம் அகலம். என் பட்டுப் புடவையில் எண்ணெய், கன்னத்தில் மிளகாய்ப் பொடி. நைனா பேச்சுக் கொடுக்காமல் நொறுக்கிக்கொண்டே வந்தார்.

ராட்டினத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள். "ஷிப்டுக்குப் பூட்டிருப்பான். வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள் அம்மா.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஜ்ஜிக் கடைப் புகை என்று சொன்னேன். நைனா என்னைப் பார்த்தார். கையிலிருந்த அப்பளத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எங்கோ நடந்தார். பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்தோம்.

ஸ்பீக்கரில், பச்சை கவுன் போட்ட குழந்தை ஒன்று அழுதுகொண்டிருப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அது பாதியில் நின்றது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும்.

"எண்ணூர்லேர்ந்து பொண்ணு பாக்க வந்துகிற அம்மா, அய்யா! பொண்ணு ரொம்ப நேரமா அப்பளம் துன்னுகினு கீது! மைக் ரூமாண்ட வாங்க! ஒரு தரம்!"

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. மானம் கப்பலேறிடுச்சு."

அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். கூட்டம் விலகி வழிவிட்டது. பட்டுப் புடவையும் கையில் அப்பளமுமாக வேறு எவள் ஓடுவாள்? "பொண்ணு இதுதான் போல" என்று ஒருத்தி புருஷனுக்குக் காட்டினாள்.

"பொண்ணு டிகிரி முடிச்சிக்குது! கன்டெய்னர் யார்டுல வேலை! கோவம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி! ரெண்டு தரம்!"

சரக்கில் குறை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவார். துறைமுகத்தில் அதற்காகவே அவருக்கு நல்ல பெயர். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் என்ன ஏலத்துக்கு வந்த வஞ்சிர மீனா, வவ்வால் மீனா? மைக்கைப் பிடுங்கி எறிவதென்றே அந்த அறைக்குள் நுழைந்தேன். மைக்குக்குச் சொந்தக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் பாதி தின்ற டெல்லி அப்பளம். பல்லின் மேல் பல்.

"மாமா! மூணு தரம் சொல்டாதீங்க! வந்துட்டேன்!"

நைனா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்த்தார். படகு ஓனரைப் பார்ப்பது போலவே பார்த்தார். நான் வேண்டாமென்றால் மைக்கை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவார், மாப்பிள்ளை எவ்வளவு தூரம் ஓடிவந்திருந்தாலும். என் கோபம் போன இடம் தெரியவில்லை. தலையாட்டினேன்.

"மூணு தரம்!"

ராட்டினத்தின் உச்சியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தாள் என் மாமியார்.

"இன்னாடா, முடிஞ்சிடுச்சா? நான் இன்னும் பொண்ணு மூஞ்சியே பாக்கலியே!"