பிரசாத வாடையோடு மாமனார் வீட்டுக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். பிள்ளைகள் படித்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். இப்போது என் வீட்டுக்காரியே, "எழுதுங்க, யாருக்காவது புத்தி வரட்டும்" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது விழுப்புரத்தில் குடியிருந்தோம். என் குடியால் வீடு சந்தி சிரித்தது. ஒருநாள் மனைவி கைக்குழந்தையோடு திண்டிவனத்திலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகுதான் திருவாமாத்தூர் சிவன் கோயிலுக்குப் போனேன். அங்கே வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் பயம். அதில் கை வைத்து, இனி தொடமாட்டேன் என்றேன். குடிக்காமல் ராத்திரித் தூக்கம் போனது. ஆனாலும் நாற்பத்தெட்டு நாள் ஈசன் காப்பாற்றினார். மறுநாள், மனைவியை அழைக்க வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். நெற்றி நிறைய விபூதி, வெளுத்த வேட்டி, கையில் மல்லிப்பூ.

கூட்டேரிப்பட்டில் ஒருவர் பஸ் ஏறினார். என்னுடையதைவிடப் பெரிய விபூதிப் பட்டை. "மயிலம் முருகனப் பாத்துட்டு வர்றேங்க. இந்தப் பிரசாதப் பையக் கொஞ்சம் மடியில வச்சிக்கினு வாங்க" என்றார். முருகனே மடி தேடி வருகிறான் என்று நான் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மடி சில்லென்று நனைந்தது. பஞ்சாமிர்தம் இவ்வளவு தண்ணியாகவா இருக்கும் என்று யோசிப்பதற்குள் வாடை வந்துவிட்டது. பாண்டிச்சேரி பிராந்தி. அடுத்த நிறுத்தத்தில் பக்தர் பின்வாசல் வழியாக இறங்கிப் போயே போய்விட்டார்.

அந்த வாடைக்கு நாக்கு ஊறியது உண்மை. பையை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, பாறையை நினைத்துக்கொண்டேன். திரும்பிப் போகவும் வழியில்லை. சொல்லி அனுப்பிவிட்டு வராவிட்டால், எங்கேயோ குடித்து விழுந்து கிடக்கிறேன் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மாமனார் வாசலிலேயே மூக்கைப் பிடித்தார். "வாங்க மாப்ள. உங்களுக்கு முன்னாடியே வாடை வந்துடுச்சி."

"இது முருகன் பிரசாதம் மாமா" என்று ஆரம்பித்தேன். அதோடு கெட்டது.

"எந்தக் கோயில்ல குடுக்கறாங்க? சொல்லுங்க, நானும் வர்றேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேண்டுமானால் மோந்து பாருங்கள் என்று வாயைத் திறந்துகொண்டு அவரிடம் போனேன். அவர் பின்வாங்க, நான் விடாமல் போக, முருங்கை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம்.

"பொண்ண அனுப்ப மாட்டேன். ஜல்தி பஸ்ஸப் புடிங்க" என்றார். அவளை அழைத்துக்கொண்டுதான் போவேன் என்று நானும் கத்தினேன்.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரு குடிக்கலப்பா."

"மூக்கு அடைச்சிக்கினு இருக்குதா உனக்கு?"

"குடிச்சிருந்தா இந்நேரம் உன் கால்ல வுழுந்து, நீதான் மாமா எனக்கு தெய்வம்னு அழுதுக்கினு இருப்பாரு. இப்ப வெறப்பா நின்னு சண்ட போடறாரு பாரு."

மாமனார் யோசித்தார். "ஆமா. இந்நேரம் என் செருப்பு நனைஞ்சிருக்கும்."

ஜெயித்துவிட்டேன் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இத்தினி வருசமா போதையிலதான் மன்னிப்பு கேட்டிருக்கீங்க. தெளிஞ்சி இருக்கும்போது ஒரு வாட்டி கேளுங்க. அப்புறம் வர்றேன்."

நாற்பத்தெட்டு நாள் பட்ட பாடு அந்த மன்னிப்பைக் கேட்பதற்குப் பக்கத்தில் வராது. கடைசியில் கையிலிருந்த மல்லிப்பூவைப் பார்த்துக்கொண்டு, "தப்பு என்மேலதான். உன்ன ரொம்பப் படுத்திட்டேன்" என்றேன்.

"பூக்கிட்ட சொல்றீங்களா, என்கிட்டயா?"

நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துணிமணி எடுக்க உள்ளே போனாள். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "இதக் கட்டிக்கினு புள்ளயத் தூக்குங்க. அந்த வாடையோட தொடாதீங்க."

இதைப் படிப்பவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். என்னை நல்லவனாக்கிச் சொல்ல வேண்டாம், நடந்தபடியே சொல்லுங்கள். குடியை விடுவதற்கு ஈசன் கூடவே நின்றார். என் பெண்டாட்டியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை மட்டும் என்னையே கேட்க விட்டுவிட்டார், அதற்காக அவரை இன்றும் தினமும் கும்பிடுகிறேன்.