கை தட்டி முடித்துவைத்த ரஷ்ய இசை

போன வாரம் வாட்சாப்பில் ஒரு வீடியோ வந்தது. நான் ஒரு காலத்தில் பேண்டு மாஸ்டராக இருந்த பள்ளியின் ஆண்டு விழா. மொரப்பூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவே மாந்தோப்பை வெட்டிக் கட்டிய பள்ளி அது. மேடை முழுக்கப் பிள்ளைகள், தங்கச் சரிகை வைத்த கோட்டுப் போட்டுக்கொண்டு வெளுத்துக் கட்டுகிறார்கள். ஒரு பிசிறு இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. பள்ளிக்கூடப் பேண்டு பிசிறில்லாமல் வாசித்தால் எங்கேயோ திருட்டுத்தனம் நடக்கிறது என்று அர்த்தம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளாரினெட்காரர்களில் இரண்டு பேர் வாய்ப்பகுதியின் மூடியைக் கழற்றவே இல்லை! பென் டிரைவில் பாட்டு ஓடுகிறது, பிள்ளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே ஒரே இதயக் குறி மழை.

மூடி என்றதும் அதற்குள் அடிக்கும் வாடை மூக்கில் ஏறுகிறது. எச்சிலில் ஊறிய நாணல் பட்டை, கூடவே கொஞ்சம் மாங்கூழ். எங்கள் தாளாளர் அடிப்படையில் மாங்கூழ் ஆலைக்காரர், ஆலை அடுத்த காம்பவுண்டில். சீசனில் பேண்டு அறையே புளித்த மாம்பழமாக நாறும். பழத்தைப் பிழிந்து டின்னில் அடைத்த அதே கைதான் பிள்ளைகளையும் பிழிந்து மார்க்காக அடைத்தது. இரண்டிலும் மனிதர் நன்றாகவே சம்பாதித்தார்.

ஒருநாள் கூப்பிட்டு விட்டார். "மாஸ்டர், பெங்களூர்ல ஒரு ஸ்கூல்ல ரஷ்யா மியூசிக் வாசிச்சாங்களாம். நம்ம பசங்களுக்கு என்ன கொறச்சலுங்க? ஆண்டு விழாவுக்கு நாமளும் போட்டுருவம்."

"அது பியானோவுக்கு எழுதுனதுங்க சார். நம்மகிட்ட பியானோ இல்லீங்களே."

"அதான் லாரி நெறையா ஐட்டம் எறக்கி வெச்சிருக்கனே!"

இறக்கியதில் முக்கால்வாசி டிரம். போட்டோவில் டிரம்தான் பெரிதாகத் தெரியும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். மிச்சத்தில் ஜால்ராவும் மூன்று கிளாரினெட்டும் போக எல்லாம் பியூகிள் என்கிற ஊதுகொம்பு. அதில் நாலைந்து சுரத்துக்கு மேல் கெஞ்சினாலும் வராது. யாரோ ஒரு ரஷ்ய இசைக்காரர் பனியில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து எழுதிய பியானோ துண்டுகளை இந்தப் படையை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம்? சேலத்தில் ஒரு சர்ச் ஆர்கன்காரரிடம் பியானோ கற்ற கர்வம் தலைக்கேறியிருந்த வயது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சத்தமான துண்டுகளில் சிரமமில்லை. பியானோவின் இடது கை இடிப்பதையெல்லாம் டிரம்முக்குத் தள்ளினேன். நன்கொடை கொடுத்தவர்களின் வாரிசுகளுக்கு ஜால்ரா கொடுத்தேன். குடும்பத் தொழில் மாதிரி உடனே பிடித்துக்கொண்டார்கள். மெதுவான ஒரு துண்டுதான் உயிரை வாங்கியது. பியானோவில் காலடியில் ஒரு மிதி உண்டு. அதை அழுத்திக்கொண்டால் விரலை எடுத்த பிறகும் நாதம் அடங்காமல் நிற்கும். பேண்டில் மிதிக்கு எங்கே போவது? மூன்று கிளாரினெட்டுக்கு ஒரே சுரத்தை எழுதினேன். ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்ற இருவர் விடாமல் பிடிக்க வேண்டும். மூவரில் ஒருத்தியாக இருந்து மற்ற இருவரையும் கட்டி மேய்த்தவள் ப்ளஸ் ஒன் பவித்ரா, பொம்மிடிப் பக்கம் மரவள்ளி போட்டிருந்த விவசாயி மகள். "நான் கண்ணக் காட்டுனா நீ மூச்சு எடுத்துக்க, அதுவரைக்கும் செத்தாலும் விடாத" என்று மற்ற இரண்டையும் மிரட்டியே பழக்கினாள்.

அந்தத் துண்டின் முடிவில் எல்லா வாத்தியமும் அடங்கி, கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. பிறகு பவித்ராவின் கிளாரினெட் தனியாக எழுந்து பாட்டை முடிக்கும். ஒத்திகையில் அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வேன்.

"எங்கப்பா விழாவுக்கு வராருங்க சார். நான் வாசிக்கிறத கேட்டுட்டுத்தான் அடுத்த வருசம் பேண்டு வேணுமா வேணாமான்னு சொல்லுவாராம்" என்றாள். வாத்தியம் பள்ளியைத் தாண்டக் கூடாது என்பது தாளாளர் சட்டம், அதனால் அவள் வாசித்து அப்பா ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

விழாவில் டிரம்கள் இடித்தன, ஜால்ராக்கள் தங்கள் கடமையைச் செய்தன. மெதுவான துண்டும் வந்தது. மூன்று கிளாரினெட்டும் ஒரே மூச்சாக நின்றன. எல்லாம் அடங்கியது. நான் பஸ்ஸை நிறுத்தும் போலீஸ்காரர் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பவித்ரா மூச்சை இழுத்தாள்.

"அருமை! அருமை! எல்லாரும் ஜோரா கை தட்டுங்க!"

தாளாளர் மைக்கைப் பிடித்திருந்தார். பேண்டு நின்றுபோய் மானம் கப்பலேறுகிறது என்று பயந்துவிட்டார் போலும். வாழ்க்கையில் அவர் பார்த்த அமைதியெல்லாம் கரண்டு போகும்போது மட்டும்தான். கூட்டம் தட்டித் தீர்த்தது. அடுத்து சினிமாப் பாட்டுக்கு எல்.கே.ஜி. நடனம். ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. இழுத்த மூச்சை அவள் அப்படியே வெளியே விட்டாள்.

மேடைக்குப் பின்னால் அவள் அப்பா வந்தார். "நல்லா இருந்துச்சுங்க சார். இவ வாசிச்சது எதுங்க அதுல?"

அந்த மனிதனை அப்போது நான் நிஜமாகவே வெறுத்தேன். மரவள்ளிக்காரரை அல்ல, மாங்கூழ்காரரை. "வாசிச்சுக் காட்டும்மா" என்றேன். அவளும் அந்த இரைச்சலிலேயே வாசித்தாள், கடைசி வரைக்கும். அவர் குனிந்து, காதை ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிக்கிறான்னு தெரியுது சார். ஒண்ணும் கேக்க மாட்டேங்குது." வெளியே பள்ளி பஸ் ஹாரன் அடித்தது. "பன்னெண்டாவது வேற வருது. படிக்கட்டும்ங்க" என்று சொல்லிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனார். அந்த வருஷமே நானும் வேலையை விட்டேன்.

பவித்ரா இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். சமீபத்தில் போனில் பேசினாள். "அப்பா தவறிட்டாருங்க சார். கடைசி வரைக்கும் ஊர்ல எல்லார்கிட்டயும், எம்பொண்ணு ரஷ்யாப் பாட்டெல்லாம் வாசிப்பான்னு சொல்லிட்டே இருந்தாரு."

நான் எழுதிய தாள்கள் பள்ளியின் எந்தப் பரணில் மக்கினவோ தெரியாது. அவளுக்கு விரல் மறந்துவிட்டதாம். தாளாளர் திடமாக இருக்கிறார், இந்த வருஷமும் மைக் அவர் கையில்தான். கேட்க வேண்டியவர்தான் கேட்காமலே போய்விட்டார்.