உலுரு போகும் பஸ்ஸில் ஒரு பொய்

போன மாதம் அவுஸ்திரேலியாவில், அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுரு என்ற பெரும் செம்பாறைக்குப் போகும் சுற்றுலா பஸ்ஸில் ஏறினேன். பாலைவனத்தின் நடுவே நாள் முழுக்கப் பயணம். சாரதி இருக்கையில் என் மகள் துளசி.

ஆம், அதுதான் அவள் வேலை. ரொறன்ரோவில் எஞ்சினியரிங் படித்தவள் விடுமுறைக்குப் போனாள், அந்தச் சிவப்பு மண்ணைக் கண்டாள், அங்கேயே தங்கிவிட்டாள். கனடாவில், நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரில் நான் எல்லோருக்கும் சொல்லி வந்ததோ வேறு... 'டூரிசம் மனேஜ்மென்ட்'.

பக்கத்து இருக்கையில் யார்? எங்கள் பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து வந்த தமிழ்த் தம்பதி! எந்தப் பாலைவனத்தில் சந்தித்தாலும் நம்மவர்களின் முதல் கேள்வி ஊர். அடுத்தது?

"பிள்ளையள் என்ன செய்யினம், அண்ணை?"

"மகள் இஞ்சைதான்... டூரிசம் மனேஜ்மென்ட்."

"எங்கடை மகன் பாங்கிலை," என்றார் அவர்.

பஸ் இன்னும் புறப்படவில்லை. துளசி அப்போது பயணிகளின் பெல்ட்டைச் சரிபார்த்தபடி எங்கள் அருகில்தான் நின்றாள். கேட்டிருப்பாள். அடுத்த இருக்கையின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள்.

வழியில் தேநீருக்காக நிறுத்தினாள். பிக்கரிங் அம்மா விடுவாரா?

"பிள்ளை தமிழோ?"

"ஓம் அன்ரி."

"அப்பா அம்மா எங்கை இருக்கினம்?"

துளசி என்னைப் பார்த்தாள். சொல்வதானால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன்.

"ரொறன்ரோவிலை," என்றாள். "டைம் ஆச்சு அன்ரி, ஏறுங்கோ."

மிச்சத் தேநீரை மண்ணில் ஊற்றிவிட்டு ஏறினேன்.

மறுபடி பாதை. இருபுறமும் செம்மண், முள்ளுப்புல், வானம். திடீரென்று பஸ் வேகம் குறைந்தது. ஏன்? எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒட்டகக் கூட்டமொன்று புதரிலிருந்து வந்து பாதையில் ஏறியது. ஒரு குட்டி நடுவில் நின்று எங்களை முறைத்தது. அவ்வளவு பெரிய பஸ்ஸை, தூங்கியவர்கள் விழிக்காதபடி நிறுத்தியிருந்தாள் துளசி.

"உந்தப் பிள்ளை கெட்டிக்காரி!" என்றார் பிக்கரிங்காரர். "எங்கடை 401 ஹைவேயிலை உப்பிடி ஓட ஒருத்தனும் இல்லை. ஆர் பெத்த பிள்ளையோ!"

"நான் பெத்த பிள்ளை," என்றேன். அது போதவில்லை. எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்க ஆங்கிலத்திலும் சொன்னேன். கைதட்டினார்கள்.

"அப்ப அந்த மனேஜ்மென்ட்?"

"அது பொய், தம்பி."

அவர் மனைவி சிரித்தார். "இஞ்சாருங்கோ, நீங்களும் உண்மையைச் சொல்லுங்கோவன்."

அவர் தலையைச் சொறிந்தார். "பெடியன் பாங்கிலைதான் அண்ணை... வாசலிலை. செக்கியூரிட்டி."

பிள்ளைகளைக் கேட்காமலே அவர்களுக்குப் பதவி உயர்வு கொடுப்பதில் நம்மை மிஞ்ச எந்தக் கம்பனியால் முடியும்?

ஒலிபெருக்கியில் துளசியின் குரல் வந்தது. தமிழில். "அப்பா, சொன்னது காணும். இருங்கோ, பஸ்ஸை எடுக்கோணும்."

உலுருவில் இறங்கியதும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பாறையைப் பாருங்கோ அப்பா. உதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

அதற்காக நான் வரவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

என் மகள் பாலைவனத்தில் பஸ் ஓட்டுகிறாள். மார்க்கம் நகரில் இப்போது கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் — சிலர் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பி நடக்கிறார்கள்!