நொட்டாங்கை போட்ட கையெழுத்து

அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் அவளுடைய சொந்த அண்ணன். பள்ளியில் சேர்ந்த புதிதில் அவள் இடது கையால் எழுதுவாள். அதுவும் வலமிருந்து இடமாக, எழுத்தெல்லாம் திரும்பி நிற்க, கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடியும். வீட்டில் திட்டு, பள்ளியில் அடி. அண்ணன் வாசலில் நின்று "ஏய் நொட்டாங்கை!" என்று ஒரு தடவை கத்தினான், தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டது. பிறகு எழுத்து நேரானது. கை மட்டும் மாறவில்லை. இன்றைக்கு அவளுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது, இன்னும் எல்லோருக்கும் அவள் நொட்டாங்கைதான். எனக்கும்தான்.

எங்கள் வேலை நடப்பது ஒரு தையற்கடைக்கு மேலே உள்ள அறையில். கீழே மெஷின் ஓடினால் எங்கள் மேஜை நடுங்கும், அப்போது அவள் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அவள் எழுதுவாள். நான் அதை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் தூசி தட்டி, கோப்பாக்குவேன். எழுதுவது என்றால் கடிதமோ கதையோ இல்லை. "வந்தாச்சா", "சாப்பிட்டியா", "போதும், தூங்கு" என்று வீட்டில் நாம் வாய் ஓயாமல் சொல்கிற சொற்களை, பார்த்ததும் குரலே கேட்கிற மாதிரி வரைவது. படத்தை நாங்கள் விற்பதில்லை. வீட்டை வாடகைக்கு விடுகிற மாதிரி, அச்சடித்துக்கொள்ளும் உரிமையை மட்டும் கம்பெனிகளுக்குக் கொடுப்போம். ஒரு சொல் மட்டும் போதாது, அவர்களுக்குத் தொகுப்பாக வேண்டும். மிதியடிக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று, தலையணை உறைக்கு ஒன்று, ஓரத்துக்குப் பூவேலை, எல்லாம் ஒரே கையின் பிள்ளைகளாகத் தெரிய வேண்டும்.

ஒவ்வொன்றின் வலது மூலையிலும் அவள் பொடி எழுத்தில் "நொட்டாங்கை" என்று போடுவாள். பட்டப்பெயரையே கையெழுத்தாக்கிக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, சொந்த வீடு இல்லை. "எனக்கப்புறம் என் பேரு நாலு வீட்டு அலமாரியில இருந்தா போதும்டி," என்பாள். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

கம்பெனிகளிடம் பேசுவது அண்ணன் வேலை. அவனை "அவர்" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அவனாகவே இருக்கட்டும். வாய் சர்க்கரை. கோப்புகளை வாங்கிப் போவான், "இப்பதான் பாத்துட்டு இருக்காங்க, பொறுமையா இரு" என்பான். இரண்டு தொகுப்பு இப்படிப் போயிற்று. அவளும் பொறுமையாக இருந்தாள், என்ன செய்வாள், அண்ணன் ஆயிற்றே.

ஒரு நாள் நான் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். அலமாரியில் "சாப்பிட்டியா" என்று ஒரு கப் என்னைப் பார்த்துக் கேட்டது. அவள் எழுத்து. நானே தூசி தட்டிய எழுத்து. வலது மூலையைப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் "எழுத்தும் வடிவமும்" என்று போட்டு அண்ணன் பெயர். பக்கத்தில் அவன் படம் வேறு, கையில் தூரிகை. வலது கையில்.

கப்பை வாங்கிப் போய் அவள் மேஜையில் வைத்தேன். அவள் அந்த வெறும் மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், அழுக்குக்குள் பெயர் ஒளிந்திருக்கிற மாதிரி.

"வா, இப்பவே போய் நாலு கேள்வி கேப்போம்," என்றேன்.

"கேட்டா அழுவான். அவன் அழுதா அம்மா எனக்கு போன் பண்ணி அழுவாங்க. நான் மன்னிச்சிடுவேன். வேணாம்," என்றாள். "எனக்கு மன்னிக்க இஷ்டமில்ல."

அதே வாரம் அவனே வந்தான். கப் போட்ட அந்தக் கம்பெனி பெரிய தெருவில் கடை திறக்கிறதாம். முகப்புக் கண்ணாடியில் ஓவியரே வந்து எல்லோர் முன்னாலும் எழுதித் தர வேண்டுமாம். ஓவியர் யார் என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"'வாங்க, உக்காருங்க'ன்னு பெரிசா தாள்ல ஒரு மாதிரி வரைஞ்சு குடும்மா. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒட்டிட்டு, உள்ளேருந்து அது மேலயே பெயின்ட்ட இழுத்துடறேன். மழை பட்டா அழியக் கூடாதுன்னு உள்பக்கம் எழுதச் சொல்றாங்க."

அவள் தலை நிமிராமல் கேட்டாள். "உள்ளேருந்து எழுதறே. மாதிரி எப்படி வரையட்டும்ணா?"

"இது என்ன கேள்வி? எப்பவும் போல நேரா."

"நேராவா?"

"ஆமாம்மா, நேரா!"

என் வாய் திறந்தது. மேஜைக்கு அடியில் அவள் என் காலை மிதித்தாள். உள்ளிருந்து எழுதுகிறவர்கள் மாதிரியைத் திருப்பித்தான் வரைய வேண்டும், அப்போதுதான் தெருவில் நிற்பவருக்கு நேராகத் தெரியும். ஒரே ஒரு தடவை எழுதிப் பார்த்தவனுக்கும் தெரிகிற சங்கதி அது. அண்ணன் ஒரு தடவைகூட எழுதிப் பார்த்ததில்லை. அவள் அந்த மாதிரியை அத்தனை அழகாக வரைந்தாள், அவ்வளவு நேராக.

திறப்பு விழாவுக்கு நாங்களும் போய்க் கூட்டத்தில் நின்றோம். கண்ணாடிக்கு வெளியே கெட்டித் தாள் ஒட்டியிருந்தது. தாளுக்கு மேலே அண்ணனின் தலை மட்டும் தெரிந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளே நின்றவர்கள் கை தட்டினார்கள். பிறகு அவன் புதுச் சட்டையோடு வெளியே வந்து, கம்பெனியை நடத்துகிற அம்மாளின் பக்கத்தில் நின்று, கேமராவுக்குச் சிரித்தான். அந்த அம்மாள் தாளைக் கிழித்து எடுத்தார்.

எல்லா எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு தெருவே சிரித்தது.

"ஏதோ புது ஸ்டைலா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பரவால்ல சார்," என்றார் அந்த அம்மாள், இன்னும் நம்பிக்கையோடு. "துடைச்சிட்டுத் திருப்பி எழுதிடுங்க. எல்லாரும் காத்திருக்காங்க."

அவன் தூரிகையைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், கடைசியில் கூட்டத்தில் அவளைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். மாதிரி இல்லை, கோடு இல்லை. இடது கையில் தூரிகையை எடுத்து, வலமிருந்து இடமாக எழுத ஆரம்பித்தாள். எந்த எழுத்துக்குச் சின்ன வயதில் அடி வாங்கினாளோ, அந்தத் திரும்பிய எழுத்து. தெருவில் நின்ற எங்களுக்கு "வாங்க, உக்காருங்க" என்று நேராக வந்து விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியாக மூலையில் கையெழுத்து. இந்தத் தடவை பொடியாக இல்லை, முழங்கை நீளம்.

வெளியே வந்து கை துடைத்தாள்.

"நீங்க யாரு?" என்று கேட்டார் கம்பெனி அம்மாள்.

"அவருக்குத் தெரியும், கேளுங்க." அண்ணன் பக்கம் திரும்பினாள். "மூலையில என்ன எழுதியிருக்கு? படிண்ணா."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்மா..."

"படி."

"நொட்டாங்கை," என்றான் அவன், வாய்க்குள்.

"அன்னிக்கு வாசல்ல நின்னு கத்தினியே, அந்தக் குரல் எங்க போச்சு? அந்தக் கப்பெல்லாம் யார் எழுதினதுன்னும் சேத்துச் சொல்லு."

"நொட்டாங்கை. என் தங்கச்சி. எல்லாம் அவ எழுதினது." அவன் அழுதான். அவள் சொன்ன மாதிரியே அழுதான். அவள் மன்னிக்கவில்லை.

அம்மா போன் செய்து அழுதார்கள், அப்போதும் மன்னிக்கவில்லை. கம்பெனி பழைய கப்புகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அவளிடமே நேராக ஒப்பந்தம் போட்டது. புதிதாக வந்த முதல் பெட்டியை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். அண்ணிக்கு நடந்ததெல்லாம் தெரியும். அன்றிலிருந்து அவனுக்கு டீ அந்தக் கப்பில்தான்.

போன வாரம் அண்ணி எங்கள் அறைக்கு வந்திருந்தாள். "கையெழுத்து கண்ணுல படாம, அந்தப் பக்கத்தைச் சுவத்தைப் பாத்துத் திருப்பி வச்சுக் குடிக்கிறாரு," என்றாள் சிரித்துக்கொண்டே.

நொட்டாங்கை சிரிக்கவில்லை. கப்பின் படத்தை என் திரையில் திறக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த அச்சுக்குக் கையெழுத்தை இரண்டு பக்கமும் போட்டுக் கொடுத்தாள்.