மலாக்காவுக்குக் காலித் தூக்கோடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழன். மலாக்காவுக்குக் கிளம்பிய நான் எங்கள் ரப்பர் தோட்டத்து கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு சண்டை போட்டு முடித்துவிட்டேன். காரணம் முறுக்கு.

அவசரகாலச் சட்டம் எங்கள் பக்கத்தில் அப்போதும் கெடுபிடியாகத்தான் இருந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேர்ந்துவிடக் கூடாதென்று முள்வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடமாட்டார்கள். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருக்கிறவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனாலும் மலாக்காவில் உடம்பு சரியில்லாமல் கிடக்கும் அண்ணியைப் பார்க்க வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. மூன்றடுக்குத் தூக்கில் மேலே முறுக்கு, நடுவில் கருவாட்டுக் குழம்பு, அடியில் எள்ளுருண்டை. சோறு இல்லை, ஆகவே சட்டம் என்னைத் தொடாது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். பெண்களைச் சோதிக்க நிற்கும் செல்லம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

“முறுக்கு எதுல செஞ்சது டீச்சர்?”

“மாவுல.”

“மாவு எதுல வந்துச்சு?”

அவள் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள் நான். எனக்கே பாடம் நடத்துகிறாள். என்னென்னவோ பேசிப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டிவிட்டு, பாவம் பார்த்துத் தூக்கைக் குழாயடியில் கழுவிக் கொடுத்தாள். அதை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். எனக்கிருந்த ஆத்திரத்தில் காலித் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டே நடந்தேன்.

தோட்டத்து லாரியில் தம்பின் ஊர் வரை. தம்பினிலிருந்து மலாக்கா இருபத்து நான்கு மைல், பஸ்ஸுக்கு ஒரு வெள்ளி பத்துக் காசு. காலை ஒன்பது மணிக்குப் பஸ் எடுத்தார்கள். மலாக்காவின் பெரும்பகுதியில் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார்கள், பாதை இப்போது பயமில்லை என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். அவருக்குப் பயமில்லை. என் அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டு போனது இதே பாதையில்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், அலோர் காஜாவுக்கு இந்தப் பக்கம், ரப்பர் மரங்கள் ரோட்டின்மேல் கவிந்திருக்கும் ஒரு வளைவில் காட்டிலிருந்தவர்கள் அவரைச் சுட்டுப்போட்டார்கள். அதற்கப்புறம் மலாக்காப் பாதையில் நான் கால் வைக்கவே இல்லை. கட்டினவரை இழந்து தனியாகக் கிடந்த அண்ணியை அப்படி மூன்று வருஷம் போய்ப் பார்க்காமல் விட்டதற்கு வேறு காரணம் ஒன்றும் கிடையாது. நான் பயந்தாங்கொள்ளி.

அந்த வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லையாம். டிரைவர் இறங்கி வாளியோடு வாய்க்காலைத் தேடிப் போனார். மரங்களுக்குள் எங்கேயோ ஒரு சுள்ளி முறிந்த சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். கண்டக்டர் தமிழர், இளவட்டம்.

“இங்கதானா நிப்பாட்டணும், தம்பி?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“பஸ்ஸுக்கு இடம் கிடம் தெரியாது அக்கா. தாகம் எடுத்தா நிக்கும்.”

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ரட்சிப்பைப் பற்றி வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த நேரத்தில் என் வாயில் வந்த ஜெபத்தைக் கேளுங்கள்: “ஆண்டவரே, இன்னும் கொஞ்சம் நாள் கொடும், நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.” அவ்வளவுதான் வந்தது. டிரைவர் தண்ணீர் ஊற்றியதும் பஸ் கிளம்பியது.

பதினொரு மணி சுமாருக்கு மலாக்கா. போன மாதம் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரம் வரும் தேதியை அறிவித்ததற்குக் கட்டிய தோரணங்கள் சில இடங்களில் இன்னும் வெயிலில் வெளுத்துத் தொங்கின. பேச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாக்காரன் காஜா பேராங்குக்கு அறுபது காசு கேட்டான், ஐம்பதுக்கு ஏறினேன். மூன்று சக்கரத்தில் தெங்கேரா பக்கம் திரும்பியதும் கடல் வாடை அடித்தது. காஜா பேராங்கில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பைத் தாண்டிப் போகும்போது பார்க்க வேண்டும்: நெற்றியில் பொட்டு, கோயிலில் மணி, வாசலில் மாவிலை, கட்டியிருப்பதோ மலாய்ப் பெண்களின் சாரோங் கெபாயா, பேச்சு முழுக்க மலாய். தமிழ்நாட்டிலிருந்து எப்போதோ வந்து இந்த மண்ணில் பெண்ணெடுத்தவர்களின் வம்சம். தமிழில் வழி கேட்டேன். ஒரு பெண் அழகாகச் சிரித்து மலாயில் பதில் சொன்னாள்.

என் அண்ணியும் இவர்களில் ஒருத்திதான். மீனாச்சியாகப் பிறந்து, அண்ணனைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கி மார்த்தாள் ஆனவர். கம்போங்குக்கு வெளியே ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தார். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் மலாய். இங்கே எங்கள் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்.

கதவை அண்ணியே திறந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக உதிரப்போக்கு. சனிக்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். விட்டுவைத்தால் அடுத்த வருஷத்தைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணியோ, வரமாட்டேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தச் சேதி கேட்டு, அவரை எப்படியாவது கூட்டிப்போக வேண்டும் என்றுதான் நான் வந்ததே.

என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என் கையிலிருந்த தூக்கை வாங்கி ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்தார்.

“கோசோங்,” என்றார். காலி என்று அர்த்தம்.

முறுக்குக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ஊருக்குள் ஒரு சிறிய தேவாலயத்தில் தமிழ் ஆராதனை. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கம் செய்வார்கள். அண்ணியும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆணி, முள், ரத்தம், காடி. எனக்கு வழக்கம்போல அழுகை வந்தது. அவர் அழவில்லை. வீடு திரும்பி, எனக்கு வரக்காப்பி கலந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவர் செத்தது எனக்குப் புரிஞ்சுது, அடிக்,” என்றார். அடிக் என்றால் தங்கச்சி. “மொழி தெரியாட்டியும் புரிஞ்சுது. என் அழுக்கைக் கழுவிட்டார். சரி. எங்க வீட்டுல செத்துப்போன பெரியவங்களுக்குப் படைக்கிறப்போ முதல்ல வாழையிலையைக் கழுவிப் போடுவோம். கழுவின இலையை மட்டும் போட்டுட்டு, வாங்க சாப்பிடுங்கன்னு யாராச்சும் கூப்பிடுவாங்களா? ஞானஸ்நானம் வாங்கினேன், அப்புறம் உங்க அண்ணன் போயிட்டார், நான் ஊருக்குத் துணி வெளுத்தே காலத்தைத் தள்ளிட்டேன். நல்லதுன்னு ஒண்ணும் செய்யல. நாளைக்கு அந்த ஆபரேஷன் மேசையில செத்தா, சாமிக்கு முன்னால கழுவின இலையாத்தான் போய் நிப்பேன். கோசோங். எனக்குப் பயமா இருக்கு.”

வளைவில் நான் செய்த ஜெபமும் இதுதானே? பரிகாரம், மீட்பு, ஒப்புரவு என்று பெரிய பெரிய சொற்கள் தமிழில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றுக்கும் என்னிடம் மலாய் இல்லை. எனக்குத் தெரிந்த மலாயில் வேலை செய்தான், பசித்தது, நடந்தான், அழுதான், கொடுத்தான் என்றுதான் சொல்ல முடியும். வேறு வழியில்லாமல் அதையே சொல்லத் தொடங்கினேன். இயேசு சின்னப் பிள்ளையாக இருந்தார், அம்மா சொன்னதைக் கேட்டார். பெரியவரானதும் மரவேலை செய்தார், முப்பது வயது வரை யாருக்கும் அவரைத் தெரியாது. நாள்கணக்கில் பசியாகக் கிடந்தார், சாத்தான் சொன்னதற்காகக் கல்லை ரொட்டி ஆக்கவில்லை. சிநேகிதன் செத்தபோது அழுதார். ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு வருஷமாக உதிரம் போய்க்கொண்டிருந்தது, கூட்டத்தில் பின்னால் வந்து அவர் துணியைத் தொட்டாள், அவர் அவளைத் திட்டவில்லை, மகளே என்று கூப்பிட்டார்.

“எத்தனை வருஷம்?” என்று கேட்டார் அண்ணி.

“பன்னிரண்டு.”

தன் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டார். “இதையெல்லாம் இன்னிக்கு ஏன் யாரும் சொல்லல?”

நியாயமான கேள்வி. நாங்கள் மனப்பாடமாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், அவர் பிறந்ததற்கும் சிலுவையில் பாடுபட்டதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட இடம் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் அங்கே காணாமல் போய்விடுகிறது. அன்றுவரை நானும் அதைத் தேடியதில்லை.

“ஆனா அது அவரோட இலை, அடிக். அவர் செஞ்சது. என் இலை காலிதானே?”

இதற்கு எந்தப் போதகரும் எனக்குப் பதில் சொல்லித் தந்ததில்லை. தப்பாக எதையாவது சொல்லி ஒருத்தியை ஆபரேஷன் மேசைக்கு அனுப்பிவிடுவேனோ என்று பயந்தேன். ஆனாலும் வாய் பேசிற்று.

“சாகிறதுக்கு மட்டும் வந்திருந்தா, அண்ணி, அவர் பிறந்தப்பவே செத்திருக்கலாம். ராஜா பச்சப் பிள்ளைங்களை வெட்டச் சொன்னான். அப்பவே செத்திருந்தா போதுமே. எதுக்கு அம்மா அப்பா ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு ஓடணும்? எதுக்கு வளரணும், வேலை செய்யணும், பசி கிடக்கணும்? மனுஷன் வாழ வேண்டிய வாழ்க்கையை ஒருத்தர் ஒரு குறை இல்லாம வாழ்ந்து முடிக்கணும். நம்மால முடியல, அவர் முடிச்சார். செத்தது இலையைக் கழுவ. வாழ்ந்தது இலையில போட.”

“எனக்குன்னு போட்டாரா?”

“உங்க அழுக்கு அவர் மேல போச்சுன்னு நம்புறீங்கல்ல? அது மட்டும் எப்படிப் போச்சு? அதே மாதிரி அவரோட நல்லது உங்க மேல வரும். அழுக்கைக் கொடுத்தாச்சு, நல்லதை வாங்கிக்க மட்டும் மாட்டேன்னா எப்படி?”

அண்ணி எழுந்தார். கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். வருவாரா, மாட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று நான் சாப்பிடவும் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் கண் விழித்தபோது அவர் தலை சீவி, கொண்டை போட்டு, நல்ல சாரோங் உடுத்தி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். பேச்சா வண்டியும் வந்து நின்றது. இருவரும் ஏறிக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்றிருந்தது.

“பயம் இருக்கு, அடிக்,” என்றார். “ஆனா கோசோங் இல்ல.”

கதவு மூடிக்கொண்டது. அந்தத் தாழ்வாரத்தில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. மத்தியானம் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை, காயம் ஆறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுந்த பண்டிகை. எனக்கு அது வார்டு வாசலிலேயே போயிற்று.

திங்கட்கிழமை நான் திரும்பியாக வேண்டும், மறுநாள் பள்ளிக்கூடம். காலையில் விடைபெறப் போனேன். கம்போங் செட்டியிலிருந்து அவருடைய பிறந்த வீட்டார் தேங்காய்ப்பால் சோறும் புளி போட்ட மீனும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இவரால் கஞ்சித் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. கண்ணாலேயே என் தூக்கைக் காட்டினார். நர்ஸ் அதையெல்லாம் அடுக்கடுக்காகப் போட்டு நிரப்பினாள். போகிற வழியில் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள் அண்ணி என்றேன்.

“அதுக்கு முன்னால சாப்பிடு,” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

அண்ணி பிழைத்தார். இடையில் காய்ச்சல் கண்டு, போய்விடுவார் என்று பயந்து, பல நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார். பஸ் ஏறியபோது அது எனக்குத் தெரியாது. பின்னால் விட்டுவந்த படுக்கையை நினைத்தும் முன்னால் வரப்போகும் வளைவை நினைத்தும் தூக்கை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அலோர் காஜா தாண்டியதும் தூக்கைத் திறந்தேன். வரும்போது பார்த்த அதே கண்டக்டர். வாசனைக்குத் திரும்பிப் பார்த்தான், ஒரு அடுக்கை அவனிடம் நீட்டினேன். வளைவு வந்தது. இந்தத் தடவை பஸ் நிற்கவில்லை. பஸ் திரும்பிய வேகத்தில் மீன் குழம்பு சேலையில் கொட்டியது. கண்ணை மூடாமல் மரங்களைப் பார்த்தேன், அண்ணன் விழுந்த இடத்தைப் பார்த்தேன், வாயில் சோற்றோடு அழுதேன். இன்னும் கொஞ்சம் நாள் கொடும் என்று கேட்கத் தோன்றவில்லை.

மாலை நாலு மணிக்குத் தோட்டத்து கேட். செல்லம்மா தூக்கை வாங்கி மூன்று அடுக்கையும் திறந்து பார்த்தாள். உள்ளே புளி வாசனை மட்டும் இருந்தது. மலாக்காவில் பலமான சாப்பாடு போலிருக்கிறது, டீச்சரே சமைத்ததா என்று கேட்டாள்.

“நான் சமைக்கல செல்லம்மா,” என்றேன். “எனக்குன்னு கொண்டுவந்ததுகூட இல்ல. என் தூக்கு காலியா இருந்துச்சு, போட்டுக் குடுத்தாங்க.”