புது பிரேக்கின் வாடை

நாளை பிள்ளைகளோடு கொடைக்கானல் போகிறோம். அதற்காகவே காரின் பழைய பிரேக் டிஸ்க்கையும் பேடையும் கழற்றிவிட்டு, உயர்ந்த ரகமாகக் கேட்டு வாங்கி மாட்டச் சொல்லியிருந்தேன். மாட்டியும் ஆயிற்று. இருந்தும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஓட்டிப் பார்க்கக் கிளம்பிய மெக்கானிக்கின் பக்கத்து சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன். திண்டுக்கல் பைபாஸில் அவர் வேகமெடுத்து வேகமெடுத்து பிரேக் போட, கருகல் வாடை உள்ளே வந்தது.

“புது பேடு அப்படித்தாண்ணே. செத்த நேரம் வாடை வரும்.”

அதே வாடை. சின்ன வயதில் ஒரு நாள் அப்பாவின் அம்பாசிடரில் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது வந்தது. இறக்கம் தொடங்கியதும் அப்பா இன்ஜினை அணைத்துவிடுவார். “தன்னால உருளுற வண்டிக்கு எதுக்கு பெட்ரோலு?” என்பார். கார் சத்தமில்லாமல் உருளும். முன் சீட்டில் அப்பா அம்மா இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் எனக்கு அம்மாவின் கால்தான் கண்ணில் படும். ஒவ்வொரு வளைவிலும் அது காரின் தரையை அழுத்தும். அன்று முதலில் வாடை வந்தது, பிறகு புகை. அப்பா மிதித்து மிதித்துப் பார்த்தும் பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்கம் ஒடித்து, மண்மேட்டில் இடித்துத்தான் நிறுத்தினார்.

அம்மா சேலையை உதறிக்கொண்டு இறங்கி என் கையைப் பிடித்தாள். “நீங்க உருண்டே வாங்க. நாங்க பஸ்ல வாரோம்.”

“எப்படிண்ணே, போட்ட இடத்துல நிக்குதுல்ல?” என்றார் மெக்கானிக்.

நான் குனிந்து பார்த்தேன். கார் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. என் வலது கால் மட்டும் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.