பெய்ஜிங் போய் சிச்சுவான் வந்தது

2001-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பெங்களூர் அல்சூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு சிவாஜிநகர் துணிக்கடையில் வேலை. துணித்தூசியும் ஊர்க்குளிரும் சேர்ந்தால் வீசிங் வந்துவிடும். இரண்டு வருடம் முன்பு ஃப்ளூ காய்ச்சல் வந்து, ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தவர்.

அடுத்த வருடம் டாக்டர் சொல்லி ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார். குளிர்காலம் நல்லபடியாகக் கழிந்தது. இந்த வருடமும் போடவேண்டும் என்றதும் எரிந்து விழுந்தார். "போன வருஷந்தானே குத்திக்கிட்டேன்? சும்மா இரு!" ஊசி என்றால் மனிதருக்கு அவ்வளவு பயம். வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

டாக்டரிடமே போய்க் கேட்டேன். "அந்த வைரஸ் மாறிக்கிட்டே இருக்கும்மா. அதுக்குத் தகுந்த மாதிரி ஊசியையும் மாத்துவாங்க. எதெதுக்குன்னு பெட்டியிலேயே போட்டிருக்கும்" என்று இந்த வருடத்து ஊசியின் காலிப் பெட்டியைக் கொடுத்தார்.

போன வருடத்துப் பெட்டி வீட்டில் இருந்தது. சட்டைப் பொத்தான்களை அவர் போட்டு வைப்பது அதில்தான். பொத்தான்களைக் கொட்டிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அட, எல்லாம் ஊர்ப் பெயர்கள்! வைரஸை முதலில் கண்டுபிடித்த இடத்தின் பெயரை வைப்பார்களாம். மாஸ்கோவும் நியூ கலிடோனியாவும் இரண்டு பெட்டியிலும் இருந்தன. மூன்றாவது மட்டும் பழையதில் பெய்ஜிங், புதியதில் சிச்சுவான்.

சாயங்காலம் அவர் முன்னால் இரண்டையும் வைத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் ஜோலார்பேட்டையே தாண்டாதவன். என்னைத் தேடிக்கிட்டு சிச்சுவான்லருந்து வருதாக்கும்? மூணுல ஒண்ணுதானே மாறியிருக்கு, விடு!"

"அந்த ஒண்ணு வந்து உங்களைக் கொண்டுபோயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றேன். அழுதுவிட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கொட்டிக்கிடந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு, "சரி, போட்டுக்கிறேன். ஆனா நீயும் போட்டுக்கணும். நான் மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்போ என் பக்கத்துலயேதானே கிடந்தே? உனக்கு வந்தா எனக்கு யாரு இருக்கா?" என்றார். எனக்கும் வரலாம் என்று நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் கிளினிக்கில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சிச்சுவான் இருக்குதாம்மா இதுல?" என்று நர்ஸிடம் கேட்டார். "எல்லாம் இருக்கு சார். ஒந்து நிமிஷா, கையை லூசா விடுங்க" என்று அந்தக் கன்னடப் பெண் சிரித்தாள்.

இப்போதும் வருடா வருடம் ஜோடியாகத்தான் போகிறோம். முதலில் பெட்டியை வாங்கி, "புதுசா எந்த ஊரு வந்திருக்கு?" என்று பார்ப்பார். அவருக்காகவே பயந்து பயந்து வாழ்ந்த எனக்கு, எனக்காகவும் ஒரு ஜீவன் பயப்படுகிறது என்று தெரிந்தது அந்தப் பொத்தான்களைப் பொறுக்கிய சாயங்காலத்தில்தான்.